மூன்றாண்டுப் பட்டமும் வெளிநாட்டு ஆசிரியர் விசாவும்: ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் மூன்றாண்டு பி.எஸ்சி. கணிதமும் இரண்டாண்டு பி.எட். படிப்பும் முடித்து, பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவர் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை ஆஸ்திரேலியாவின் தகுதி மதிப்பீட்டுக்குப் போதுமானது. அமெரிக்காவிலோ, பி.எஸ்சி.யை மட்டும் காட்டினால் அது முழுமையான இளநிலைப் பட்டமாகப் பெரும்பாலும் ஏற்கப்படாது. இங்கிலாந்தில் ஆண்டுக் கணக்கைவிட, பட்டம் எந்த நிலையைச் சேர்ந்தது, அவர் எந்தப் பாடத்தை நடத்துகிறார் என்பவை முன்னால் வந்து நிற்கும். சான்றிதழ்கள் ஒன்றாக இருந்தும் முடிவுகள் வேறுபடுவதற்குக் காரணம், ஒவ்வொரு நாடும் வேறொரு கேள்வியைக் கேட்பதுதான். எந்த நாடு எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் முகவரிடமோ மதிப்பீட்டு நிறுவனத்திடமோ பணம் கட்டுவதுதான் ஆசிரியர்களுக்கு மிகுந்த இழப்பை உண்டாக்குகிறது. ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பு செய்ய வேண்டியவற்றையே இந்த வழிகாட்டி முதன்மையாகச் சொல்கிறது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் பள்ளிப்படிப்பு 12 ஆண்டு, கலை அறிவியல் இளநிலைப் பட்டம் 3 ஆண்டு என மொத்தம் 15 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் பள்ளி 12, பட்டம் 4 என 16 ஆண்டுகள். இங்கிலாந்தின் பட்டமும் மூன்றாண்டுதான் என்றாலும், அங்கே பல்கலைக்கழகத்துக்கு முன்பு 13 ஆண்டுப் பள்ளிக் கல்வி இருப்பதால் மொத்தம் 16 ஆகிவிடுகிறது. ஐரோப்பிய நாடுகள் 1999ஆம் ஆண்டின் போலோன்யா பிரகடனத்துக்குப் பிறகு முதல்நிலைப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு என்ற அமைப்புக்கு வந்தன. "இங்கிலாந்திலும் மூன்றாண்டுதானே, என் பட்டத்தை மட்டும் ஏன் குறைவாகப் பார்க்கிறார்கள்?" என்று மனம் நொந்து கேட்பவர்கள் உண்டு. பட்டத்துக்கு முன்னால் இருக்கும் பள்ளி ஆண்டுகளும் கணக்கில் சேர்கின்றன என்பதே அதற்கான பதில். ஒருவருடைய அறிவையோ உழைப்பையோ இந்தக் கணக்கு அளப்பதில்லை; ஆனாலும் விசா அலுவலகத்தில் செல்லுபடியாவது இந்தக் கணக்குதான்.

இலங்கைத் தமிழர்களின் நிலை சற்று வேறுபட்டது. அங்கே உயர்தரம் எனப்படும் பள்ளியிறுதிக் கட்டம் முடியும்போது 13 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதன்பின் பொதுப் பட்டம் மூன்றாண்டு, சிறப்புப் பட்டம் நான்காண்டு. ஆசிரியப் பயிற்சிக்காகப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்திருந்தால் அது தனியே சேரும். கல்வியியற் கல்லூரியில் பெற்ற தேசிய கற்பித்தல் டிப்ளோமா மட்டும் இருந்தால், பல்கலைக்கழகப் பட்டம் கேட்கும் நாடுகளில் அது தனித்து நிற்பது கடினம்.

படி 1: உங்கள் ஆண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள்

படிப்பின் பெயர், கல்லூரி, பல்கலைக்கழகம், சேர்ந்த மாதமும் ஆண்டும், முடித்த மாதமும் ஆண்டும், முழுநேரமா பகுதிநேரமா தொலைநிலையா, சேர்வதற்கு என்ன தகுதி கேட்கப்பட்டது என்பவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அரியர் எழுதி நான்காம் ஆண்டில் தேர்ச்சி பெற்றிருந்தாலும் அது மூன்றாண்டுப் படிப்பாகவே எண்ணப்படும். படிப்பின் விதிக்கப்பட்ட கால அளவைத்தான் மதிப்பீட்டாளர் பார்ப்பார். நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தை அல்ல.

இந்தத் தாளை எழுதும்போது நான்கு இடங்களில் மிகக் கவனம் தேவை.

முதலாவது, ஒரே காலத்தில் படித்த இரண்டு படிப்புகள். பி.எட். கல்லூரிக்கு நேரில் சென்றுகொண்டே எம்.ஏ.வைத் தொலைநிலையில் முடித்தவர்கள் நம் ஊரில் ஏராளம். இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு வெளிப்படையாக அனுமதித்தது 2022இல்தான். அதற்கு முந்தைய காலத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், மதிப்பீட்டாளர் விளக்கம் கேட்கக்கூடும். ஒரே காலத்தை இருமுறை கூட்டிக் கணக்குக் காட்டவும் முடியாது.

இரண்டாவது, சில பல்கலைக்கழகங்கள் முன்பு வழங்கிய ஓராண்டுக் கூடுதல் பட்டம். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் ஓராண்டில் பெற்ற அந்த இரண்டாவது பட்டத்தின் மதிப்பு, தமிழ்நாட்டு ஆசிரியர் நியமனத்திலேயே நீதிமன்றம் வரை போன விவகாரம். வெளிநாட்டில் அதை மூன்றாண்டுப் பட்டமாகக் காட்ட முயல வேண்டாம். ஓராண்டு என்றே எழுதுங்கள்.

மூன்றாவது, இளநிலைப் பட்டம் இல்லாமலே திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுநிலைப் பட்டம். இத்தகைய பட்டம் செல்லாது என்ற வகையில் உச்ச நீதிமன்றம் 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. உள்நாட்டிலேயே இப்படி இருக்கையில், இதை நம்பி வெளிநாட்டு விண்ணப்பத்தைக் கட்டி எழுப்புவது வீண் செலவு.

நான்காவது, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் உள்நாட்டில் இடைநிலை ஆசிரியர் பணிக்கு உரிய தகுதிதான். ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல என்பதால், "பல்கலைக்கழக நிலையில் இத்தனை ஆண்டு" என்று கேட்கும் நாடுகளில் அந்த இரண்டு ஆண்டுகளை நம்பிக் கணக்கிடக் கூடாது.

பி.எட். படிப்பின் காலத்தையும் சரியாகக் குறியுங்கள். 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும ஒழுங்குமுறைகளின்படி, 2015-16 கல்வியாண்டு முதல் அது இரண்டாண்டுப் படிப்பானது. அதற்கு முன்பு படித்தவர்களுக்கு ஓராண்டுதான். இந்த ஓராண்டு வேறுபாடு சில நாடுகளில் ஒன்றும் செய்யாது. சில நாடுகளில் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

படி 2: விசா, உரிமம், மதிப்பீடு ஆகிய மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

வெளிநாட்டில் ஆசிரியராகப் போகிறவரின் தாள்கள் பெரும்பாலும் மூன்று இடங்களைக் கடக்கின்றன. குடியேற்றத் துறை விசா தருகிறது. ஆசிரியர் பதிவு அமைப்போ மாநிலக் கல்வித் துறையோ கற்பிக்கும் உரிமம் தருகிறது. இந்த இரண்டுக்கும் உதவியாக, ஒரு மதிப்பீட்டு நிறுவனம் உங்கள் பட்டம் அந்நாட்டில் எதற்குச் சமம் என்று அறிக்கை எழுதுகிறது. மதிப்பீட்டு அறிக்கை சாதகமாக வந்துவிட்டால் விசா உறுதி என்று எண்ணுவது தவறு. குடியேற்றத் துறை அந்த அறிக்கையை ஒரு கருத்தாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். அதேபோல, விசாவுக்குப் போதுமான பட்டம் உரிமத்துக்குப் போதாமல் போகலாம். ஒரே நாட்டுக்கு மூன்று விதிகளையும் தனித்தனியே வாசித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: அந்த நாடு என்ன கேட்கிறது என்று கண்டறியுங்கள்

நாடுகளின் விதிகளை அடுக்கிப் பார்த்தால், பெரும்பாலானவை மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்பது தெரியும். உயர்கல்வியில் மொத்தம் எத்தனை ஆண்டு? பட்டம் எங்கள் நாட்டுப் பட்டத்தின் நிலைக்குச் சமமா? ஏதேனும் ஒரு பட்டம் இருக்கிறதா? முதல் கேள்வியைக் கேட்கும் நாட்டில் பி.எட். உங்களைக் காப்பாற்றும். இரண்டாவதில் ஒவ்வொரு பட்டமும் தனித்தனியே சோதிக்கப்படும். மூன்றாவதில் கால அளவு பொருட்டே அல்ல. வேறு தடைகள்தான் முன்னே நிற்கும்.

*ஆஸ்திரேலியா: மொத்த ஆண்டுகளைக் கேட்கும் நாடு*

பள்ளி ஆசிரியர்களுக்கான திறன் மதிப்பீட்டை அங்கே ஏ.ஐ.டி.எஸ்.எல். என்ற அமைப்பு செய்கிறது. அதன் முக்கிய விதி தெளிவானது: பல்கலைக்கழக நிலையில் குறைந்தது நான்கு ஆண்டு முழுநேரப் படிப்பு அல்லது அதற்கு இணையான பகுதிநேரப் படிப்பு இருக்க வேண்டும், அதற்குள் குறைந்தது ஓராண்டு ஆசிரியப் பயிற்சித் தகுதி அடங்கியிருக்க வேண்டும். மூன்றாண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்சி.யுடன் பழைய ஓராண்டு பி.எட். சேர்ந்தால் சரியாக நான்கு. புதிய இரண்டாண்டு பி.எட். சேர்ந்தால் ஐந்து. ஆகவே மூன்றாண்டுப் பட்டம் என்பதற்காக ஆஸ்திரேலியாவைக் கைவிட வேண்டியதில்லை. பி.எட். இல்லாமல் எம்.எஸ்சி. மட்டும் வைத்திருப்பவர் ஐந்தாண்டு படித்திருந்தாலும் இங்கே நிற்க முடியாது.

ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தும் விண்ணப்பம் திரும்பிவருவது வேறு இரண்டு காரணங்களால். மேற்பார்வையுடன் கூடிய கற்பித்தல் பயிற்சி குறைந்தது 45 நாள் நடந்திருக்க வேண்டும். இரண்டாண்டு பி.எட்.டில் பள்ளிப் பயிற்சி வாரக்கணக்கில் நீள்வதால் சிக்கல் எழாது. ஓராண்டு பி.எட். படித்தவர்களோ, தாங்கள் படித்த கல்வியியல் கல்லூரியிடமிருந்து பயிற்சி நாட்களின் எண்ணிக்கை, பள்ளியின் பெயர், மாணவர்களின் வயது, நடத்திய பாடம் ஆகியவற்றைக் கடிதத் தலைப்புத் தாளில் முன்கூட்டியே எழுதி வாங்கி, எண்ணிக்கை போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கல்லூரி மூடப்பட்டிருந்தால் பல்கலைக்கழகத்தை அணுகுங்கள். இதற்கு மாதங்கள் ஆகலாம். மற்றொன்று, பயிற்சி பெற்ற வயதுப்பிரிவும் விண்ணப்பிக்கும் பணியும் ஒத்துப்போக வேண்டும். நம் பி.எட். பெரும்பாலும் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கான பயிற்சி. அதை வைத்துக்கொண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்ற பிரிவில் விண்ணப்பித்தால் ஆண்டுகள் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

ஆங்கிலத் தேர்வும் கடுமையானது. ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் 7, பேச்சுக்கும் கேட்டலுக்கும் 8 என்ற மதிப்பெண் கேட்கப்படுகிறது. பட்டத்தின் நீளத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் பலர் உண்மையில் தடுக்கப்படுவது இந்த 8 என்ற எண்ணில்தான். திறன் மதிப்பீடு கிடைத்த பிறகும், வேலை செய்யப்போகும் மாநிலத்தின் ஆசிரியர் பதிவைத் தனியே பெற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

*அமெரிக்கா: ஒவ்வொரு பட்டத்தையும் தனியே சோதிக்கும் நாடு*

மூன்றாண்டுப் பட்டத்துக்கு மிகக் கடினமான நாடு இதுவே. 1977ஆம் ஆண்டிலேயே, ஷா வழக்கு என்று அறியப்படும் குடியேற்றத் தீர்ப்பில், இந்தியாவின் மூன்றாண்டு அறிவியல் பட்டம் நான்காண்டு அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமல்ல என்று முடிவு செய்யப்பட்டது. இன்றுவரை அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டப்படுகிறது. எனினும் விசா வகையைப் பொறுத்து வழிகள் மாறுகின்றன.

எச்-1பி எனப்படும் தற்காலிகப் பணி விசாவில், பட்டத்தையும் பணி அனுபவத்தையும் சேர்த்துக் காட்ட விதியில் இடம் உண்டு. குறையும் ஒவ்வோர் ஆண்டுக் கல்விக்கும் மூன்று ஆண்டு துறைசார்ந்த அனுபவம் ஈடாகும். அப்படியானால் மூன்றாண்டுப் பட்டம் மட்டும் உள்ளவர், தம் பாடத்துறையில் மூன்றாண்டு தகுந்த அனுபவத்தைக் காட்டி நான்காம் ஆண்டை நிரப்ப முயலலாம். ஆனால் வெறும் அனுபவச் சான்றிதழ் போதாது. அந்த வேலைக்குப் பட்ட நிலை அறிவு தேவைப்பட்டது, உடன் பணியாற்றியவர்களும் பட்டதாரிகள், துறையில் உங்களுக்கு அங்கீகாரம் உண்டு என்பவையெல்லாம் நிறுவப்பட வேண்டும். அத்துடன் பள்ளி ஆசிரியர் பணிக்கு மாநில உரிமமும் தேவைப்படும். உரிமம் வழங்கும் மாநிலம் அனுபவத்தைப் பட்டத்துக்கு ஈடாக ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனம் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்ததால், சாதாரணப் பள்ளிகள் இந்த வழியில் ஆசிரியரை அழைப்பது மிகவும் அரிதாகும். அதற்கு மாறாக உறுதி தரும் இடைத்தரகரின் பேச்சை ஐயத்தோடு கேளுங்கள்.

பள்ளி ஆசிரியர்களுக்கு நடைமுறையில் பொருந்துவது ஜே-1 ஆசிரியர் பரிமாற்ற விசா. அதற்கு, கல்வியியலிலோ கற்பிக்கும் பாடத்திலோ அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமமான தகுதி, இரண்டாண்டுக் கற்பித்தல் அனுபவம், விண்ணப்பிக்கும்போது தாய்நாட்டில் ஆசிரியராகப் பணியாற்றுதல், செல்லும் மாநிலத்தின் உரிம நிபந்தனைகளை நிறைவு செய்தல் ஆகியவை வேண்டும். தற்போது பணியில் இல்லாதவர்களுக்குக் குறுகிய விலக்கு ஒன்று உண்டு: கடந்த 12 மாதங்களுக்குள் உயர்பட்டம் ஒன்றை முடித்திருந்து, கடந்த எட்டு ஆண்டுகளுக்குள் இரண்டாண்டு முழுநேர அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்த விசாவில் தங்கும் காலம் முதலில் மூன்றாண்டு வரை; நீட்டிப்பு கிடைத்தால் மொத்தம் ஐந்து.

இங்கே பி.எட்.டின் பங்கு பெரிது. ஒரு பட்டத்துக்குப் பிறகே சேரக்கூடிய படிப்பு என்பதால், பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் சேர்த்து அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதும் மதிப்பீட்டாளர்கள் உண்டு. மூன்றாண்டு இளநிலையுடன் இரண்டாண்டு முதுநிலையும் இருந்தால் நிலைமை இன்னும் வலுவாகிறது. டபிள்யூ.இ.எஸ். என்ற மதிப்பீட்டு நிறுவனம், இந்தியக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் வழங்கும் நாக் அமைப்பின் 'ஏ' தரமோ அதற்கு மேலோ பெற்ற நிறுவனத்தில் முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் தேறிய மூன்றாண்டுப் பட்டத்தை இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக மதிப்பிடும் கொள்கையை அறிவித்திருக்கிறது. ஆகவே உங்கள் கல்லூரியின் நாக் தரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில், இந்த மதிப்பீடு குடியேற்றத் துறையைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கிரெடிட் எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட். அமெரிக்க நான்காண்டுப் பட்டமும் ஏறத்தாழ 120 கிரெடிட்தான். எண்கள் ஒத்திருப்பதால் இரண்டும் சமம் என்று எவரும் ஏற்கமாட்டார்கள். மதிப்பீட்டாளர் தம் அளவுகோலின்படி மாற்றியே எழுதுவார்.

*இங்கிலாந்து: நிலையைக் கேட்கும் நாடு*

அரசுப் பள்ளிகளில் தகுதிபெற்ற ஆசிரியராகப் பணியாற்றத் தேவையான க்யூ.டி.எஸ். என்ற தகுதிநிலைக்கு, 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. ஆனால் இந்திய ஆசிரியர்களுக்கு இது 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிப்பாடம் ஆகியவற்றைக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே திறக்கப்பட்டது. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பிரிட்டனின் இளநிலைப் பட்ட நிலையில், அதாவது ஆறாம் நிலையில் இருக்க வேண்டும். பயிற்சி முடித்தபின் குறைந்தது ஒரு பள்ளியாண்டு அனுபவமும் வேண்டும். இந்திய மூன்றாண்டுப் பட்டம் பொதுவாகப் பிரிட்டனின் சாதாரண இளநிலைப் பட்ட அளவில் வைக்கப்படுகிறது. ஆனர்ஸ் அளவில் அல்ல. க்யூ.டி.எஸ்.க்கு அந்த அளவு பெரும்பாலும் தடையாவதில்லை. வரலாறு, பொருளியல், வணிகவியல் ஆசிரியர்களுக்கு இந்தக் கதவு திறக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விதி. ஆனாலும் தனியார் பள்ளிகள் க்யூ.டி.எஸ். இல்லாதவரை நியமிக்கச் சட்டம் தடையாக இல்லை.

*பிற நாடுகள், சுருக்கமாக*

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் ஆசிரியர் உரிமத்துக்கு மூன்றாண்டுப் பட்டத்தையே குறைந்தபட்சமாகக் கேட்கிறது; அங்கே கேள்வி ஆசிரியப் பயிற்சியின் நீளத்தைப் பற்றியது, ஏனெனில் 2015 முதல் அந்த மாகாணத்தின் பயிற்சி நான்கு செமஸ்டர் ஆகிவிட்டது. கனடாவின் குடியேற்றத் தேர்வுமுறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் புள்ளிகளில் மூன்றாண்டுப் பட்டத்துக்கும் நான்காண்டுப் பட்டத்துக்கும் வேறுபாடு இல்லை.

ஜப்பானின் பயிற்றுநர் விசாவில் பட்டத்தின் நீளம் தடையல்ல. ஆனால் அயல்மொழி கற்பிக்க வருபவர் அந்த மொழியிலேயே 12 ஆண்டு கல்வி கற்றிருக்க வேண்டும் என்ற விதி உண்டு. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, பிறகு ஆங்கில இலக்கியத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவருக்கு இந்த 12 ஆண்டுக் கணக்கு நிறைவது கடினம். ஆங்கிலவழியில் படித்தவர்கள், ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கி வைப்பது நல்லது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் மூன்றாண்டுப் பட்டம் வழக்கமாக ஏற்கப்படுகிறது. தொலைநிலையில் பெற்ற பட்டமே தகுதிச் சமநிலை மதிப்பீட்டின்போது சிக்கலை உண்டாக்குகிறது. பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மைச் சான்று பெறும்போது, நேரடி வகுப்பில் படித்ததை அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

படி 4: குறையும் ஆண்டை நிரப்புங்கள்

கணக்கில் ஓராண்டு குறைகிறது என்று தெரிந்தால், கண்ணில் பட்ட ஏதோ ஒரு டிப்ளோமாவில் சேர்ந்துவிட வேண்டாம். பட்டத்துக்குப் பிறகே சேரக்கூடியதாகவும், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் வழங்குவதாகவும், நீங்கள் கற்பிக்கும் பாடத்தையோ கல்வியியலையோ சார்ந்ததாகவும் இருக்கும் படிப்பே பயன் தரும். ஆசிரியப் பயிற்சி இல்லாதவருக்கு முதல் தேர்வு பி.எட். பி.எட். ஏற்கெனவே இருந்து, அமெரிக்காவே குறிக்கோள் என்றால், தம் பாடத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் பெறுவது உறுதியான வழி. இனிமேல்தான் கல்லூரியில் சேரப்போகும் மாணவருக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எஸ்சி. பி.எட். அல்லது பி.ஏ. பி.எட். படிப்பு கிடைக்குமானால், நான்காண்டுப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் ஒரே சான்றிதழில் அமைந்துவிடும்.

படி 5: ஆவணங்களைச் சரியான வரிசையில் திரட்டுங்கள்

முதலில் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் அதிகாரபூர்வ ஆவணம், பெறுங்கள். பல மதிப்பீட்டு நிறுவனங்கள் பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில் அல்லது மின்னணு வழியில் அனுப்புவதை மட்டுமே ஏற்கும். நீங்கள் நகலெடுத்து அனுப்பினால் ஏற்காது. எல்லா செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல்களும் பட்டமளிப்புச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். தற்காலிகச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு காலம் கடத்தியவர்கள் உடனே பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பெயரின் முன்னெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயராக விரிந்து வேறு விதமாகவும் இருப்பது நம்மிடையே இயல்பு. இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

சான்றொப்பம் அடுத்தது. அப்போஸ்டில் என்பது ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்க உதவும் முத்திரை. அதற்கான உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு, மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லாததால், வெளியுறவு அமைச்சகத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரகத்தின் ஒப்பமும் தேவை. மூலச் சான்றிதழை முகவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தால், ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதிய ரசீதைக் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: மதிப்பீட்டைக் கேளுங்கள், முடிவு பாதகமானால் வாதாடுங்கள்

எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று உரிமம் தரும் அமைப்பிடமே எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் மாறும். பாடவாரியான அறிக்கையா, பொது அறிக்கையா என்பதும் மாறும். விண்ணப்பத்தில் பி.எஸ்சி.யை மட்டும் தராமல் பி.எட்., எம்.எஸ்சி. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தே தாருங்கள். பணத்தை மிச்சப்படுத்த முதல் பட்டத்தை மட்டும் அனுப்பியதால் மூன்றாண்டு என்றே அறிக்கை பெற்றவர்கள் உண்டு.

அறிக்கை "இளநிலைப் பட்டத்தில் மூன்றாண்டுக்குச் சமம்" என்று வந்தால் உடனே வேறு நிறுவனத்துக்கு ஓட வேண்டாம். மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பி.எட். சேர்க்கைக்குப் பட்டம் கட்டாயம் என்பதைக் காட்டும் பல்கலைக்கழக விதிமுறைப் பக்கம், பாடத்திட்டம், கற்பித்தல் பயிற்சியின் மணிக்கணக்கு, கல்லூரியின் நாக் சான்றிதழ் ஆகியவற்றை இணைத்து, எந்தக் கணக்கு விடுபட்டது என்று ஒரு பக்கக் கடிதத்தில் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். அதன்பிறகும் முடிவு மாறவில்லை என்றால், முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, மொத்த ஆண்டுகளைக் கேட்கும் நாட்டுக்கோ பட்டத்தின் நிலையைக் கேட்கும் நாட்டுக்கோ அதே ஆவணங்களைத் திருப்புங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டுக்கும் சான்றொப்பத்துக்கும் செய்த செலவின் பெரும்பகுதி அங்கே மீண்டும் பயன்படும்.